வெள்ளை எழுத்து வந்தால் கரகரக்கும் பெட்டி

வேதாரண்யத்து வீட்டின் பரணில் முப்பது ஆண்டுகளாகக் கிடந்த அப்பாவின் கருப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சென்ற ஆண்டு திருச்சிக்குக் கொண்டுவந்தேன். 1983இல் வாங்கிய 20 அங்குலப் பெட்டி அது. தேக்குநிற மரக்கூடும் இருபக்கமும் இழுத்து மூடும் ஷட்டர் கதவும் பூட்டுச்சாவியும் கொண்டது. படத்தை மீட்பதற்கு நான் அஞ்சிய அளவுக்குப் பாடுபட வேண்டியிருக்கவில்லை. பிக்சர் ட்யூப் இன்னும் உயிரோடு இருந்தது. கறுத்துப்போன சில ரெசிஸ்டர்களையும் டியூனரின் துருவேறிய தொடுமுனைகளையும் சரிசெய்ததும் மூன்று வாரத்தில் திரையில் முகங்கள் தெரிந்தன. ஆனால் சத்தம் என்னை ஏறத்தாழ ஐந்து மாதம் உட்காரவைத்துவிட்டது. பேச்சு கேட்டது, பாட்டும் கேட்டது. அவற்றோடு சேர்ந்து ஓர் உறுமலும் ஒரு கரகரப்பும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலை எப்படிப் பிரித்தறிந்தேன், எங்கெங்கே அதன் வேர்கள் இருந்தன என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய பெட்டிகளைப் பழுதுபார்க்கும் நண்பர்கள் பலரும் படம் வந்ததோடு நிறைவடைந்து, சத்தத்தில் இருக்கும் குறையைப் பழசென்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அது அப்படி இருக்கவில்லை. அப்பாவின் பெட்டியில் செய்தி வாசித்தவரின் குரல் பக்கத்து அறைவரை தெளிவாகக் கேட்டதை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். அந்தத் தெளிவைத் திரும்பப் பெறாமல் பெட்டி மீண்டுவிட்டதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேலைக்குப் போகுமுன் ஓர் எச்சரிக்கை. இக்காலப் பெட்டிகளைப் பெரும்பாலும் தனிமைப்படுத்திய மின்வழங்கியோடு செய்கிறார்கள். அக்காலத்துக் கருப்பு வெள்ளைப் பெட்டிகள் பலவற்றில் மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபார்மரே கிடையாது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை ஒற்றை டையோடு நேரடியாகத் திருத்துகிறது, மெயின்ஸின் ஒரு கம்பி சேசிஸோடு (பெட்டியின் உள் உலோகச் சட்டத்தோடு) சேர்ந்தே இருக்கிறது. இரட்டை முனை பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சேசிஸ் முழுவதும் உயிருள்ள மின்சாரமாகிவிடும். அப்படிப்பட்ட பெட்டியின் சேசிஸில் ஆசிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மாட்டினால் கருவியும் போகும், மாட்டியவருக்கும் ஆபத்து. ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் சுற்றிய ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றை முதலில் வாங்கிக்கொண்டேன். பல ஆண்டுகள் மின்சாரம் காணாத பெட்டி என்பதால், முதல் சில நாட்கள் 100 வாட் சீரிஸ் பல்பின் வழியாகவே மின்சாரம் கொடுத்தேன். பிக்சர் ட்யூபின் கழுத்துப் பக்கம் போவதற்கு முன்னால் ஆனோடு மூடியை ஒவ்வொரு முறையும் சேசிஸுக்கு வடித்துவிடுவேன். அதில் தங்கும் மின்னழுத்தம் பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டும். பெட்டியை அணைத்து வெகுநேரம் ஆன பின்பும் அது அங்கேயே இருக்கும்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் நான் செய்த தவறு, இரைச்சலை ஒரே இரைச்சலாக நினைத்துக்கொண்டதுதான். கண்ணில் பட்ட எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன்; ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரைச்சல் சற்றுக் குறைந்தது போலவும் குறையாதது போலவும் இருந்தது. பிறகு ஒரு நாள் சால்டரிங் கம்பியைக் கையில் எடுக்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் அமர்ந்து கேட்டேன். வால்யூமை முழுவதும் குறைத்தேன்: கரகரப்பு போய்விட்டது, உறுமல் மட்டும் அப்படியே நின்றது. ஆண்டெனா கம்பியைக் கழற்றிவிட்டு வால்யூமைக் கூட்டினேன்: சிக்னல் இல்லாத சீறலுக்குள் ஒரு கரகரப்பு இருந்தது. மீண்டும் சிக்னல் கொடுத்துப் பார்த்தேன்: இப்போது இன்னொரு வகைக் கரகரப்பு, அதுவும் திரையில் வெள்ளை எழுத்துகள் வரும்போது மட்டும் முரட்டுத்தனமாக எழுந்தது. ஆக, மூன்று குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. ஒன்றைத் தீர்த்தாலும் மற்ற இரண்டும் மிச்சமிருந்ததால்தான் நான் மாற்றிய எதுவும் பலன் தராதது போலத் தோன்றியிருக்கிறது.

வால்யூமைக் குறைத்தும் நிற்காத உறுமல், வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியில் பிறக்கிறது. அதாவது ஆடியோ ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு மின்சாரம் தரும் வழியிலோ. திரையின் இருபுற ஓரங்களும் பாம்பு நெளிவதைப் போல மெல்ல அசைந்ததும், கருமையான ஒரு பட்டை மிக மெதுவாக மேல்நோக்கி ஊர்ந்ததும் இதற்குச் சாட்சி. ஒற்றை டையோடு கொண்ட திருத்தியில் மிஞ்சும் அலைவு நொடிக்கு 50 முறை. படமோ நொடிக்கு 50 புலங்கள் (ஒரு முழுப் படத்தின் பாதி வரிகள் ஒரு புலம்). இரண்டும் ஒன்றே என்று தோன்றினாலும், படத்தின் 50ஐ நான் பயன்படுத்தும் மீடியா பிளேயருக்குள் இருக்கும் கிரிஸ்டல் தீர்மானிக்கிறது, மின்சாரத்தின் 50ஐ மின்தொகுப்பு தீர்மானிக்கிறது. தொகுப்பின் அதிர்வெண் 49.9க்கும் 50.05க்கும் இடையே அலைந்துகொண்டே இருக்கும் என்பதால், அந்தக் கரும்பட்டை ஒரே இடத்தில் நிற்காமல் சில நேரம் மேலேயும் சில நேரம் கீழேயும் ஊர்கிறது. பட்டை ஊர்ந்தால் குறை மெயின்ஸைச் சேர்ந்தது, அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் பெட்டியின் செங்குத்து (வெர்டிகல்) சுற்றை, அதாவது கதிரைத் திரையில் மேலிருந்து கீழே இறக்கும் சுற்றைச் சேர்ந்தது. இந்த ஒரு வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது எனக்குப் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தியது.

முதன்மை ஃபில்டர் கண்டென்சரின் மேல் 200 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. கழற்றி அளந்தபோது 61தான் இருந்தது. அதன் அடிப்பகுதியில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் கசிந்து காய்ந்திருந்தது. ரெகுலேட்டருக்குப் பின்னால் உள்ள 110 வோல்ட் வழியில் நான்கு வோல்ட் அளவுக்கு அலைவு ஏறியிறங்கியது. 220 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் கண்டென்சரைப் போட்டதும் அது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. உறுமல் நின்றது, ஓரங்கள் நேராயின. இதில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. பழைய பெட்டிகளைப் பழுதுபார்ப்போர் பலரும் சந்திக்கும் குறை இதுதான்.

இரண்டாவது கரகரப்பு அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. ஆண்டெனாவில் எதுவும் இல்லாதபோதும் அது கேட்டது, வால்யூமைக் கூட்டினால் கூடியது. உறுமல் மழுங்கிய ஒலி, நெஞ்சில் கேட்பது. இதுவோ கூர்மையானது, காய்ந்த பனையோலையை இரும்புக் கம்பியில் வேகமாக உரசுவது போன்றது. கூர்மையாக ஒலிக்கிறது என்றால் அதற்குள் 50இன் மடங்குகள் ஏராளமாக இருக்கின்றன என்று பொருள். ரம்பப்பல் வடிவ அலைக்கு அது இயல்பு, பெட்டிக்குள் அப்படி ரம்பப்பல் போடும் சுற்று வெர்டிகல் சுற்று. சந்தேகத்தைத் தீர்க்கப் பின்பக்கத்து வெர்டிகல் ஹோல்டு குமிழைத் திருகினேன். படம் உருண்டது, கரகரப்பின் சுதியும் கூடவே ஏறி இறங்கியது. மெயின்ஸிலிருந்து வரும் எந்த ஒலியும் வெர்டிகல் ஹோல்டுக்குக் கட்டுப்படாது. இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம், இரண்டு நொடி போதும். இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

வெர்டிகல் சுற்றிலிருந்து ஆடியோவுக்குள் அது எந்த வழியாக நுழைகிறது என்பது அடுத்த கேள்வி. மின்வழியாக நுழைந்தால் அந்த வழியின் கண்டென்சரைச் சோதிக்க வேண்டும். சோதித்தேன், நன்றாகவே இருந்தது. மீதி இருப்பது காற்று வழி. ஒலியைப் பிரித்தெடுக்கும் ஐ.சி.யிலிருந்து பெட்டியின் முன்பக்கத்து வால்யூம் குமிழுக்கு ஒரு ஷீல்டு வயர் போகிறது. அங்கிருந்து இன்னொரு ஷீல்டு வயர் ஆடியோ ஆம்ப்ளிஃபயருக்குத் திரும்புகிறது. அவை போகும் பாதையிலேயே பிக்சர் ட்யூபின் கழுத்தில் மாட்டிய யோக்கின் (கதிரைத் திருப்பும் காயில்களின்) கம்பிகளும் போகின்றன. ஒரு மூங்கில் குச்சியால் அந்த ஷீல்டு வயரை யோக்கிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தேன். கரகரப்பு பாதியாகக் குறைந்தது. குமிழருகே விளக்கடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வயரின் பின்னல் உறை, குமிழின் உலோக உடலோடு சேரும் இடத்தில் பச்சைப் பொடியாக உதிர்ந்திருந்தது. பின்னல் இழைகளில் இரண்டு மட்டும் மயிரிழை போல ஒட்டிக்கொண்டிருந்தன. விரல் நகத்தால் தொட்டதும் அவையும் விழுந்தன. உப்பளத்து ஊர்க்காற்று பத்தாண்டுக்கு மேல் ஓடி ஓடி வேலை செய்த இடம் அது. வேதாரண்யத்தில் சைக்கிள் கம்பியும் கதவுக் கீலும் துருப்பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். செம்புக்கும் அதே கதிதான் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். இரண்டு ஷீல்டு வயர்களையும் புதிதாகப் போட்டு, உறையைக் குமிழின் உடலுக்கும் சேர்த்துப் பற்றவைத்து, யோக்கின் கம்பிகளிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டினேன். ஆண்டெனா இல்லாத பெட்டியில் இப்போது சீறல் மட்டுமே கேட்டது.

மூன்றாவது குறைதான் இந்தப் பதிவை எழுதவைத்தது.

இப்போது தரைவழி அனலாக் ஒளிபரப்பு இல்லாததால், மீடியா பிளேயர் ஒன்றின் படத்தையும் ஒலியையும் ஒரு சிறிய மாடுலேட்டருக்குக் கொடுத்து, அது உண்டாக்கும் சிக்னலைப் பெட்டியின் ஆண்டெனா முனைக்கு அனுப்புகிறேன். பெட்டியின் நுழைவாய் 300 ஓம், தட்டைக் கம்பிக்கு உரியது. மாடுலேட்டரோ 75 ஓம். நடுவில் இரண்டையும் பொருத்தும் ஒரு பாலன் வைத்தேன். மாடுலேட்டர் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் படத்தைச் சுமந்துவரும் ஊர்தி அலைக்கும் ஒலியைச் சுமந்துவரும் ஊர்தி அலைக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். வேறு நாடுகளில் அது 4.5ஆகவோ 6ஆகவோ 6.5ஆகவோ இருக்கும். எனக்கு வந்த மாடுலேட்டர் 6.5இல் அமைந்திருந்தது, முதல் இரண்டு நாள் படம் மட்டும் வந்து ஒலிக்குப் பதிலாகச் சீறல் கேட்டதற்கு அதுதான் காரணம். உள்ளே இருந்த சிறு சுவிட்சை 5.5க்கு மாற்றியதும் பேச்சு வந்தது.

பேச்சோடு கரகரப்பும் வந்தது. கருத்த காட்சிகளில் அமைதியாக இருக்கும். படத்தின் கீழே வெள்ளை எழுத்துகளில் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் சத்தம் கிளம்பும். எழுத்து மறைந்ததும் சத்தமும் மறையும். இதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் காரணம் தெரியாமல் இதைச் சரிசெய்ய முடியாது.

இவ்வகைப் பெட்டிகள் ஒலியைத் தனியாகப் பிரித்து வளர்ப்பதில்லை. படமும் ஒலியும் ஒரே ஐ.எஃப். (இடைநிலை அதிர்வெண்) பகுதி வழியாக, படம் 38.9 மெகாஹெர்ட்ஸிலும் ஒலி 33.4 மெகாஹெர்ட்ஸிலும், தோளோடு தோள் சேர்ந்து வருகின்றன. ஊர்தி அலையிலிருந்து படத்தைப் பிரித்தெடுக்கும் டிடெக்டரில் இரண்டும் கலக்கும்போது அவற்றின் வித்தியாசமான 5.5 மெகாஹெர்ட்ஸ் பிறக்கிறது. அதிலிருந்துதான் ஒலியை எடுக்கிறார்கள். டியூனர் சற்று விலகினாலும் இந்த வித்தியாசம் மாறாது என்பது இம்முறையின் பெரிய வசதி. ஆனால் ஒலியைப் பெறுவதற்குப் படத்தின் ஊர்தி அலை எப்போதும் இருந்தாக வேண்டும். நம் முறையில் படம் தலைகீழாக ஏற்றப்படுகிறது: கருமைக்கு ஊர்தி அலை வலுவாகவும், வெண்மைக்கு மெலிவாகவும் இருக்கும். முழு வெண்மையிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிஞ்ச வேண்டும் என்று வகுத்து வைத்திருப்பதே ஒலி அறுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். வெள்ளை எழுத்து வரும் இடத்தில் படத்தின் அலை அளவுக்கு மீறி மெலிந்தால், அந்த நொடித்துளியில் 5.5 மெகாஹெர்ட்ஸும் மெலிகிறது அல்லது நடுங்குகிறது. எழுத்து திரையில் ஒரே இடத்தில் நிற்கிறது, புலமோ நொடிக்கு 50 முறை வருகிறது. ஆகவே அந்த நடுக்கம் நொடிக்கு 50 முறை திரும்பத் திரும்ப நிகழ்ந்து, நம் காதில் கரகரப்பாக விழுகிறது.

இதற்கு மாடுலேட்டரே காரணமாக இருக்கலாம். மலிவான மாடுலேட்டர்கள் வெண்மையில் ஊர்தி அலையை அடியோடு விழுங்கிவிடும். எனவே நண்பர் வீட்டிலிருந்த இன்னொரு பழைய பெட்டியை இரவல் வாங்கி அதே மாடுலேட்டரில் இணைத்தேன். அதில் எழுத்து வந்தபோதும் சத்தம் சுத்தமாக இருந்தது. குறை என் பெட்டிக்குள்தான். கணினியில் மூன்று படங்களைச் செய்துகொண்டேன்: முழுக் கருமை, முழு வெண்மை, கருமையின் நடுவே கனத்த வெள்ளை எழுத்தில் ஒரு ‘அ’. மூன்றுக்கும் ஒலி வெறுமை. மாலை ஏழு மணிக்குமேல் தெரு அடங்கியதும் இவற்றை மாற்றி மாற்றிக் காட்டி, கரகரப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த ‘அ’ என் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போயிற்று.

அப்போது தற்செயலாக ஒன்று நடந்தது. ஆண்டெனா கம்பியைச் சரியாகச் செருகாமல் நுனி மட்டும் தொட்டபடி விட்டிருந்தேன். படத்தில் சற்றுப் புள்ளிகள் விழுந்தன, ஆனால் கரகரப்பு ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. முழுக்கச் செருகினேன், திரும்பி வந்தது. நான்கு ரெசிஸ்டர்களால் ஓர் அட்டெனுவேட்டர் செய்து, சிக்னலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் கொடுத்தேன். மிகப் பெரும்பகுதி அடங்கிவிட்டது. பெட்டிக்குச் சிக்னல் போதாமல் இல்லை, அளவுக்கு மீறிப் போகிறது. உள்ளே எங்கோ நிரம்பி வழிகிறது. மாடுலேட்டரின் சிக்னல் அப்படி ஒன்றும் பெரியது இல்லை; நகரத்துப் பெட்டி ஒன்று சாதாரணமாகத் தாங்கக்கூடியதுதான். அதை ஏன் இந்தப் பெட்டி தாங்கவில்லை?

டியூனர் சிக்னலை வளர்க்கும் அளவை, வரும் சிக்னலின் பலத்துக்கு ஏற்பக் குறைப்பது ஏ.ஜி.சி.; அதை அமைக்கும் ப்ரீசெட் திருகைப் பார்த்தேன். அது ஒரு கோடி வரை திருகப்பட்டிருந்தது. பிறகு ஐ.எஃப். காயில்களின் மூடிகளைக் கவனித்தேன். தொழிற்சாலையில் சரிசெய்து முடித்ததும் ஒவ்வொரு கோரின் (காயிலுக்குள் திருகும் ஃபெரைட் துண்டின்) மேலும் மஞ்சள் மெழுகு ஒரு சொட்டு விட்டிருந்தார்கள். ஏழு மூடிகளில் ஐந்தில் அந்த மெழுகு நாற்பது ஆண்டாகக் கலையாமல், தூசி படிந்த பொட்டுப் போல இருந்தது. இரண்டில் மட்டும் உடைந்திருந்தது. ஒரு கோரின் பிளவில், உலோக ஸ்க்ரூடிரைவர் பட்டு விளிம்பு பொடிந்த தடம் தெரிந்தது. சர்க்யூட் வரைபடத்தோடு ஒப்பிட்டேன். ஒன்று 33.4 மெகாஹெர்ட்ஸை அடக்கி வைக்கும் ட்ராப். மற்றொன்று ஒலியைப் பிரிக்கும் ஐ.சி.யின் 5.5 மெகாஹெர்ட்ஸ் காயில். எவரோ, என்றோ, ஒலிக்காக மட்டும் இந்த இரண்டையும் திருகியிருக்கிறார்.

அன்றிரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். “ரூபவாஹினில சத்தம் பத்தலன்னு அப்பா மூணு தடவ மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்தாங்களே, மறந்துட்டியா?” என்றார். மறந்துதான் போயிருந்தேன். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியிருந்தாலும், சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருந்த எங்கள் ஊருக்கு அது எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைத்தான் கடலோரத்தில் இருந்த நாங்கள் பார்த்தோம். இலங்கையின் முறையும் நம்முடையதைப் போன்றதே என்பதால் பெட்டியில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. உயரமான கம்பமும் பூஸ்டரும் இருந்தால் போதும். சித்திரை வைகாசி இரவுகளில் கடல் மேல் காற்று அசையாத நாட்களில் படம் பளிங்கு போல வரும்; ஐப்பசி மழை தொடங்கினால் புள்ளிகளுக்கு நடுவே உருவங்கள் நடமாடும். வலுவிழந்த சிக்னலில் ஒலி அமிழ்ந்துபோகும். அந்த மெக்கானிக் செய்தது இதற்கான வைத்தியம். டியூனர் எப்போதும் முழு வேகத்தில் வளர்க்கும்படி ஏ.ஜி.சி.யை ஒதுக்கியிருக்கிறார். 33.4 ட்ராப்பை விலக்கி, ஒலியின் அலை கூடுதலாக உள்ளே வரும்படி செய்திருக்கிறார். அவரிடம் சிக்னல் ஜெனரேட்டர் இருந்திருக்காது. அப்பாவைக் கம்பத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு, காதால் கேட்டபடியே திருகியிருப்பார். கடலுக்கு அப்பாலிருந்து தேய்ந்து வந்த சிக்னலுக்கு அது மிகச் சரியான வேலை. அந்த வேலையை நான் மதிக்கிறேன். மூன்றடி தூரத்திலிருக்கும் மாடுலேட்டருக்கு அதே அமைப்பு கேடாகிவிட்டது, அவ்வளவே.

அவர் செய்ததன் விளைவை இப்போது விளக்க முடிந்தது. ஒலியின் அலையைப் படத்தின் அலையைவிடப் பல மடங்கு தாழ்த்தியே டிடெக்டருக்கு அனுப்ப வேண்டும். இரண்டில் எது சிறியதோ அதன் அளவையே 5.5 மெகாஹெர்ட்ஸ் பின்பற்றும். ஒலி சிறியதாக இருக்கும்வரை படத்தின் ஏற்றத்தாழ்வு அதைத் தொடாது. ட்ராப் விலகி ஒலி பெரிதானால், வெண்மையில் படத்தின் அலை மெலியும்போது அதுவே சிறியதாகிவிடுகிறது. படம் ஒலிக்குள் புகுந்துவிடுகிறது. ஒலியும் படத்துக்குள் புகும். உண்மையில் அதையும் நான் முன்பே பார்த்திருந்தேன்: ஃபைன் ட்யூனிங்கைச் சற்றுத் திருப்பினால், யாராவது பேசும்போதெல்லாம் திரையில் மெல்லிய கிடைக்கோடுகள் பேச்சுக்கு ஏற்ப நடுங்கின. மின்வழங்கியின் குறை என்று அதைத் தவறாகக் குறித்து வைத்திருந்தேன்.

சரிசெய்யும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்தது. முதலில் மூன்று இடங்களின் இருப்பையும் நிழற்படம் எடுத்து, மெல்லிய மார்க்கரால் குறியிட்டேன். ஏ.ஜி.சி. ப்ரீசெட்டை, படத்தில் புள்ளிகள் தோன்றத் தொடங்கும் இடம் வரை திருப்பி, அங்கிருந்து சற்றே பின்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். கோர்களுக்கு உலோகக் கருவியைக் கொண்டுபோகக் கூடாது. உலோகம் பக்கத்தில் வந்தாலே காயிலின் இசைவு மாறிவிடும், கோரும் உடையும். பிளாஸ்டிக் ட்ரிம்மர் கருவியையே பயன்படுத்தினேன். உடைந்த மெழுகின் மிச்சம் ட்ராப்பின் கோரைப் பிடித்துக்கொண்டிருந்ததால், ஹேர் டிரையரின் இளஞ்சூட்டை ஒரு நிமிடம் காட்டி, அது தானாக இளகும்வரை காத்திருந்தேன். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 33.4 மெகாஹெர்ட்ஸைச் செலுத்தி, டிடெக்டர் முனையில் அலை மிகக் குறைவாகும் இடத்தைத் தேடினேன். கோர் கடிகார முள் சுற்றும் திசையில் ஒன்றேகால் சுற்று போனதும், ஸ்கோப்பில் இருந்த அலை சட்டென்று ஒடுங்கியது. ஒரு விரல்கடை தாண்டினாலும் மீண்டும் உயர்ந்தது. அந்தப் பள்ளத்தின் அடியில் நிறுத்தினேன்.

கடைசியாக 5.5 மெகாஹெர்ட்ஸ் காயில். இதற்குக் கருவிகளைவிட அந்த ‘அ’ உதவியது. எழுத்தைத் திரையில் நிறுத்தி, வால்யூமைக் கூட்டி, கோரை மயிரிழை மயிரிழையாகத் திருகினேன். இருபுறமும் கரகரப்பு, நடுவில், கடிகாரத்தின் ஐந்து நிமிட அகலத்துக்கும் குறைவான ஓர் இடத்தில், எழுத்து திரையில் இருந்தும் ஸ்பீக்கரில் எதுவும் இல்லை. பிறகு அட்டெனுவேட்டரைக் கழற்றினேன். அமைதி அப்படியே நின்றது. ஒரு பழைய செய்தித் தொகுப்பைப் போட்டேன். தலைப்புகள் வெள்ளை எழுத்தில் வந்து வந்து போயின, வாசித்தவரின் குரல் மட்டும் கேட்டது. நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போய் நின்று கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அந்த மெக்கானிக் பின்மூடியின் உட்புறத்தில் பென்சிலால் ‘ரூப. 12/84’ என்று எழுதி வைத்திருந்ததை அதற்குப் பிறகுதான் கண்டேன். அதன் கீழே நான் எழுதினேன்: ட்ராப் கோர் ஒன்றேகால் சுற்று உள்ளே, 5.5 கோர் அரைச்சுற்றுக்குக் குறைவாக வெளியே, ஏ.ஜி.சி. குறியிட்ட இடத்தில். இரண்டு கோர்களின் மேலும் மெழுகுவர்த்தியால் ஒவ்வொரு சொட்டு விட்டேன்.

ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பெட்டி ஓடும்போது ஊசி போல ஒரு ரீங்காரம் கேட்பதாக என் மகள் சொல்கிறாள். நொடிக்கு 15,625 முறை இயங்கும் லைன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் ஒலி அது; அதன் ஃபெரைட் துண்டுகள் சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதான என் காதுக்கு அது எட்டவே இல்லை. அடுத்த மாதம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதை இறுக்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அதுவரை பின்மூடியை இரண்டு திருகுகளில் மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன்.